பல்லாண்டு பாடியவரின் பயம்

போர்க்காலத்துக் குடும்பத்தைப் பற்றிச் சிறுவர்களுக்குக் கதை எழுதுகிறவர் ஒரு கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையில் 25 லட்சம் பேர்வரை சேர்ந்தார்கள். அத்தனை வீடுகளிலும் சாமி கும்பிட்டிருப்பார்கள். கும்பிட்ட கையோடு தபால்காரரைக் கண்டு வயிறு கலங்கியும் இருப்பார்கள். கடவுள் காப்பார் என்று நம்புகிற வீட்டில் இந்தப் பயம் எதற்கு? அது நம்பிக்கையில் விழுந்த ஓட்டை என்று நினைத்துப் பல கதைகள் மூடி மறைக்கின்றன. மறைக்கக் கூடாது என்பதே என் கட்சி. அதற்குச் சாட்சி ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வார்.

மதுரையில் பாண்டியன் வல்லபதேவனின் சபையில் திருமாலே பரம்பொருள் என்று நிறுவிப் பொற்கிழி வென்ற பெரியாழ்வாரை யானைமேல் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள். அந்தக் காட்சியைக் காணப் பெருமாளே கருடன்மேல் வந்து நின்றார். ஆழ்வார் வரம் கேட்கவில்லை. இந்த அழகுக்குக் கண்பட்டுவிடுமே என்று பதறி, யானையின் மணிகளையே தாளமாக்கிப் பல்லாண்டு பாடினார் என்கிறது வைணவ மரபு. மல்லரை வென்ற தோளுக்கும், வலக்கைச் சக்கரத்துக்கும், போரில் முழங்கும் சங்குக்கும் சேர்த்தே பாடினார். உலகைக் காக்கும் ஆயுதத்துக்கே காப்பு! சற்றுமுன் வாதாடி வென்றவருக்குத் தத்துவம் தெரியாமலா போயிற்று? வைணவ ஆசாரியர் மணவாள மாமுனிகள் இதைக் குறையாகப் பார்க்கவில்லை. அந்தப் பரிவால்தான் அவர் 'பெரிய' ஆழ்வார் ஆனார் என்கிறார்.

பெருமாளுக்கு ஆபத்தில்லை, பட்டாளத்துக்குப் போன பிள்ளை செத்தும் போகலாம், இரண்டும் ஒன்றா என்று கேட்கலாம். ஒன்றல்ல. ஆபத்தே இல்லாத இடத்தில் பயப்பட்டவரைப் பக்தியின் சிகரம் என்று கொண்டாடும் நாம், ஆபத்து உள்ள இடத்தில் பயப்படும் தாயை நம்பிக்கை இல்லாதவள் என்று எப்படிச் சொல்வது? குழந்தைகள் மிரண்டுவிடுவார்கள் என்பது அடுத்த தடை. வீட்டுப் பெரியவர்களின் முகவாட்டத்தைக் குழந்தை முதலிலேயே கவனித்துவிடும். கதையும் ஒன்றுமில்லை என்று சாதித்தால், குழந்தை தனியாகத்தான் பயப்பட வேண்டியிருக்கும்.

இன்னொரு தடை கனமானது. சிப்பாய்க்காகப் பிரார்த்திப்பது கொலைத்தொழிலுக்குத் துணைபோவது ஆகாதா? பத்மா வெங்கட்ராமன் ஆங்கிலத்தில் எழுதி 2008-ல் வெளியான 'கிளைம்பிங் த ஸ்டேர்ஸ்' என்னும் இளையோர் நாவல் இந்த முடிச்சை வீட்டுக்குள்ளேயே வைக்கிறது. அறப்போராட்டத்தில் போலீஸ் அடித்ததில் அப்பா மூளை பாதிக்கப்பட்டுக் கிடக்கிறார். அண்ணன் கிட்டாவோ அதே பிரிட்டிஷ் அரசின் படையில் சேர்கிறான். ஹிட்லரைத் தடுக்க வேண்டும் என்ற அவன் நியாயத்தையும், அகிம்சையைக் கைவிடாத வீட்டின் நியாயத்தையும் தங்கை வித்யா ஒருசேரச் சுமக்கிறாள். அவன் முடிவை ஏற்காத வீடும் அவன் உயிருக்காகத் தவிக்கும். அந்தத் தவிப்பு போருக்குக் கொடுத்த ஒப்புதல் அல்ல.