தனியாகப் போகிறவனின் ஆபத்து யாருடையது?

"உயிர் என்னோடது, ஆபத்தும் என்னோடது. இதுல மத்தவங்களுக்கு என்ன நஷ்டம்?" தனியாக மோட்டார் எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் கிளம்பும் எங்களைப் போன்ற பையன்கள் வீட்டில் பேசும் நியாயம் இதுதான். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. பின்னால் யாரையும் ஏற்றவில்லை, யார் காசையும் கேட்கவில்லை, விழுந்தால் நான்தானே விழப் போகிறேன்?

போன செமஸ்டர் விடுமுறையில் சிம்பாங் பூலாயிலிருந்து குவா மூசாங் வரை தனியாகப் போய் வந்தேன். 185-ஆம் எண் கூட்டரசுச் சாலை அது. தித்திவங்சா மலைத்தொடரைக் குறுக்கே கடந்து, பேராக்கிலிருந்து பஹாங்கைத் தொட்டுக் கிளந்தானில் இறங்குகிறது. என்னிடம் இருப்பது கார்புரேட்டர் வைத்த பழைய ஹோண்டா ஈஎக்ஸ்5, 97 சிசி. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய 85 விழுக்காடுதான். காற்று குறையும் அளவுக்குப் பெட்ரோல் குறையாது, எஞ்சின் மூச்சு வாங்கும். கோஸ் ஏற்றிய லாரி பின்னால் ஹாரன் அடிக்கும். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறிப் பிடிப்புக் குறைந்துவிடும், கியரைக் குறைத்து எஞ்சினைக் கொண்டே வேகத்தை அடக்க வேண்டும். இதெல்லாம் கணக்குப் போட்டுக் குறைக்கக்கூடிய ஆபத்து.

லோஜிங் பக்கம் மழையும் பனிமூட்டமும் பிடித்துக்கொண்டன. சாலையோரத் தெமியார் கிராமம் ஒன்றில் தகரக் கொட்டகைக்குள் ஒதுங்கினேன். அங்கிருந்த பாக்சிக் ஒருவர் அவித்த மரவள்ளிக்கிழங்கும் கோப்பி ஓவும் கொடுத்தார். "சோராங் ஜா?" என்று கேட்டார். ஆமாம், தனியாகத்தான் என்றேன், கொஞ்சம் பெருமையோடு.

அவர் தோட்ட வேலையைப் பற்றிச் சொல்வதுபோல ஒரு கதை சொன்னார். ஒரு ராத்திரி யாரோ ஒருவன் வளைவில் மோட்டாரோடு சரிந்துவிட்டான். போனில் லைன் இல்லை. இவருடைய மருமகனும் இன்னும் இரண்டு பேரும் கயிற்றைக் கட்டிக்கொண்டு டார்ச் வெளிச்சத்தில் இறங்கித் தூக்கி வந்தார்கள். மருமகனுக்கு முழங்கால் பிசகி, பல நாள் வேலைக்குப் போக முடியவில்லை. விழுந்தவன் பேர் என்ன என்று கேட்டேன். தெரியாதாம். குறைப்பட்டுக்கொள்ளவும் இல்லை. "ஒரு மனுஷன் கீழ கிடக்கறான், போகாம எப்படி?" அவ்வளவுதான்.

ஆபத்து என்றால் நடக்கும் வாய்ப்பையும் விளைவையும் பெருக்கிப் பார் என்று எங்கள் வகுப்பில் சொல்லித்தருவார்கள். அந்த விளைவு யார் தலையில் விழும் என்பதற்கும் ஒரு கட்டம் போட வேண்டும். அந்த முழங்காலை யார் கணக்கில் எழுதுவது? அந்த மருமகன் எந்தப் பந்தயத்துக்கும் சம்மதிக்கவில்லை. மறுக்கவும் அவரால் முடியாது, ஏனென்றால் அவர் நல்லவர். மேலே நின்று வேடிக்கை பார்க்கிறவர்கள் மட்டுமே வாழும் மலையாக இருந்தால், "ஆபத்து என்னோடது" என்ற பேச்சு முழு உண்மையாக இருந்திருக்கும்.

என் நண்பன் ஒத்துக்கொள்ளவில்லை. "அப்படிப் பார்த்தா மீனவன் கடலுக்குப் போகக்கூடாது, அந்த கம்போங் ஆளும் தனியா காட்டுக்குப் போகக்கூடாதுடா" என்கிறான். ஆனால் அவர்கள் ஒருவரையொருவர் தேடிப் போகிறவர்கள். இன்று உனக்கு நான், நாளை எனக்கு நீ. நான் ஒரு பகல் அந்த வழியாகப் போய்விட்டுக் கிள்ளானுக்குத் திரும்புகிறவன். அந்த மருமகனுக்காக நான் ராத்திரியில் கயிறு கட்டி இறங்கும் நாள் அனேகமாக வராது. (வீட்டில் அம்மா எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்கச் சொன்னதும் ஒருவகையில் இந்தக் கணக்கில் தனக்கும் பங்கு உண்டு என்று சொல்வதுதான்.)

அதற்காகப் போகவே கூடாது என்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. போகாமல் இருந்திருந்தால் அந்த பாக்சிக் இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது. ஆனால் விடியற்காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் மலையை விட்டு இறங்குவது, எங்கே போகிறோம் என்று வழியில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போவது, தேய்ந்த டயரோடு ஏறாமல் இருப்பது எல்லாம் என் உயிருக்கு மட்டுமான பாதுகாப்பு இல்லை. பனிமூட்டத்தில் ராத்திரி ஓட்டி வீடியோ போடுகிறவனை "தில்லு" என்று புகழ எனக்கு இப்போது வாய் வரவில்லை. அவன் பணயம் வைப்பதில் இன்னொருவர் வீட்டு மருமகனும் இருக்கிறார்.

எங்கள் கிளை நண்பர்கள் டிசம்பரில் அதே சாலையில் ஆளுக்கொரு மோட்டாரில் போகலாம் என்கிறார்கள். டிசம்பர் கிளந்தான் பக்கம் பருவமழைக் காலம், மண் சரியும். தேதியை மாற்றுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். வாட்சாப் குழுவில் இன்னும் சண்டை ஓயவில்லை.