பிறர் வாய்ச்சொல்லும் உயிரின் சார்பும்

யாம் இளமையிற் பாடங்கேட்ட காலத்து, ஒருநாள் அவையொன்றில் சித்தாந்த நூற்செய்யுள் ஒன்றன் பாடவேறுபாடு பற்றி ஆராய்ச்சி நிகழ்ந்தது. முதல்நாள் இரவு ஏட்டுச்சுவடியில் யாம் கண்ட பாடம் வேறு. அவையத்தார் ஒருவர்பின் ஒருவராக உரைத்த பாடம் வேறு. எம் முறை வந்தபோது யாமும் அவர் கூறியதையே கூறி அமர்ந்தேம். அதனை அடக்கமென்று நண்பர் பாராட்டினர். 40 ஆண்டுக்கு மேலாகியும் அப்பாராட்டு எம் நெஞ்சை உறுத்துகின்றது. கண் கண்டதை நா மறைத்தது அச்சத்தாலென்பது எமக்குத் தெரியுமாகலின்.

இம்மயக்கத்தை அமெரிக்க நாட்டு உளநூலறிஞர் சாலமன் ஆஷ் என்பார் 1951-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் சோதித்துக் காட்டினார். காட்டிய கோட்டிற்கு நீளத்தால் ஒத்தது மூன்று கோடுகளுள் எது என்பதே வினா. சிறு குழந்தையும் விடையிறுக்கும். ஆயினும் உடனிருந்தோர் முன்னரே பேசிவைத்தபடி பிழைபட உரைக்க, சோதனைக்குட்பட்டோருள் நூற்றுக்கு 75 பேர் அளவில் ஒருமுறையேனும் அவரோடு சேர்ந்து பிழைத்தனர். உண்மை கூறுவார் ஒருவர் உடனிருந்தவிடத்துப் பிழை பெரிதுங் குறைந்தது என்பதும் அவர் கண்டதே.

ஈண்டுச் சைவர் ஒருவர் கடாவுதல் கூடும். சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பென்பது நம் கொள்கை. பளிங்கு தன்னை அடுத்ததன் நிறத்தைக் காட்டுதல்போல உயிரும் அடுத்தார் கருத்தை ஏற்கின்றது. இயல்பாயதனைக் குற்றமென்றல் எங்ஙனம் எனின், வினா வலியுடைத்தே. 'யாவர் சொல்லையுங் கேளேம்' என்று தருக்குவார்க்கு இது நல்ல மறுப்புமாம். அவர் ஊர்வாயைச் சாராது தம் செருக்கைச் சார்ந்தாரேயன்றிச் சார்பற்றாரல்லர். ஆயின் பளிங்கிற்கு இல்லாத ஒன்று உயிர்க்குண்டு. அருகு வைத்த பூவைப் பளிங்கு விலக்கமாட்டாது. உயிரோ இச்சையும் அறிவும் செயலும் உடைமையின், ஒன்றை விட்டு ஒன்றைப் பற்றவல்லது. உவமை ஒருபுடை ஒப்புமையே என்பதை மறந்தார்க்கே இவ்விடர்ப்பாடு.

உமாபதி சிவாசாரியார் வரலாற்றை இக்கண்கொண்டு நோக்குக. 14-ஆம் நூற்றாண்டில் விளங்கிய இப்பெரியார் தில்லைவாழந்தணர் மரபினர். பல்லக்கிற் பகற்பந்தத்துடன் சென்றபோது மறைஞானசம்பந்தர் எள்ளிக் கூறிய சொல்லொன்று செவிப்பட, இழிந்து அவர் பின்சென்றார் என்பது மரபுவழிச் செய்தி. நெய்வோர் வார்த்த கஞ்சி ஆசிரியர் கைவழி ஒழுக, அதனை ஏந்தியுண்டதும், அதுபற்றித் தம் மரபினர் விலக்கக் கொற்றவன்குடியிற் சென்று வாழ்ந்ததும் யாவரும் அறிந்தனவே. பிறர் கருத்தைப் பொருட்படுத்தாமைக்கு இதனை எடுத்துக்காட்டுவார் பலர். யாம் அங்ஙனங் கொள்ளேம். அவரைத் திருப்பியதும் பிறர் வாய்ச்சொல்லே; அதுவும் இகழ்ச்சிச்சொல். பலர் கூடிச் செய்த விலக்கு அசைக்கமாட்டாத ஒருவரை ஒருவரது எள்ளல் அசைத்தது என்னை? எள்ளல் அவரது நிலையை அவரே காணச் செய்தது. விலக்கோ கண்டதைக் காணாததாக்கச் சொல்லிற்று. சொன்னார் தொகையும் சொல்லின் இனிமையும் இங்கே கணக்கில் வாரா.

இனி, ஆசிரியர்க்கு அடங்குதலும் இவ்வச்சமும் ஒன்றோ எனின், அன்று. ஐயத்தை ஆசிரியன்முன் வைத்து வினாவுதல் நம் மரபில் விலக்கப்பட்டதன்று. அதிகரணத்தின் உறுப்புக்களுள் ஐயமும் ஒன்றாதல் காண்க. கண்டதைக் கூறிக் கேட்டபின் அடங்குவதே அடக்கம். யாம் அன்று சுவடியைக் காட்டிற்றிலேம். காட்டியிருப்பின் எம் பாடமே பிழையென்று தெளிந்திருத்தலுங் கூடும். அவ்வாய்ப்பையும் இழந்தேம்.

அண்மையில் எம்மிடம் பாடங்கேட்கும் மாணவர் சிலர், ஒரு சூத்திரத்திற்கு யாம் கூறிய பொருளைத் தலையசைத்து ஏற்றனர். கடைசியில் இருந்த பிள்ளையின் தலையும் அசைந்தது, முகம் அசைந்திலது. "நீ கண்டது யாது?" என்றேம். நெடுநேரம் தயங்கி, "ஐயா, முந்தின சூத்திரத்தோடு அப்பொருள் முரணுகின்றதே" என்றான். ஏட்டைப் புரட்டினேம். முரணத்தான் செய்தது.