கம்பெனிப் பங்கு வாங்குவோர் கவனத்திற்கு



கம்பெனிப் பங்கு வாங்கலாமா என்று நம்மிடம் கேட்ட காலம் போய், எந்தப் பங்கு வேகமாக வளரும் என்று கேட்கும் காலம் வந்துவிட்டது. சஃபரில் பல்லாண்டு உழைத்துச் சேர்த்த பணமும், குமர் காரியத்துக்கென ஒதுக்கிய பணமும் கைப்பேசி வழியாகவே பங்குச் சந்தைக்குப் போய்ச் சேருகின்றன. ஆகவே இந்த இரண்டாவது கேள்விக்கும் ஷரீஅத்தின் வரம்புக்குள் நின்று விடை காண வேண்டியிருக்கிறது.

பங்கு வாங்குவதென்பது ஒரு வியாபாரத்தில் கூட்டாளியாவதாகும். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் தம் சரக்கை ஷாம் தேசத்துக்குக் கொண்டு செல்ல ஆள் தேடியபோது, நமது பெருமானார் (ஸல்) அவர்களின் வாய்மையையும் நாணயத்தையும் கேள்விப்பட்டே அவர்களிடம் ஒப்படைத்தார்கள். அத்துடன் தம் பணியாளர் மைஸராவையும் கூடவே அனுப்பினார்கள். சரக்கு எது, அதை நடத்துகிறவர் யார், கணக்கைப் பார்ப்பது எப்படி என்ற விசாரணை முதல் போடுகிறவருக்கு என்றைக்கும் உரியதே.

முதலில் சரக்கு. மது, சூதாட்டம், பன்றி இறைச்சி, வட்டி வங்கி, வழக்கமான இன்ஷூரன்ஸ் ஆகியவற்றை நடத்தும் கம்பெனிகளைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. சிகரெட்டும் அவ்வாறே. ஆனால் நம் நாட்டில் வேகமாக வளர்ந்த பங்குகளில் சில, வட்டிக்குக் கடன் கொடுக்கும் நிதிக் கம்பெனிகளுடையவை. அங்கே வளருவது வட்டிதான் என்பதைச் சிலர் கவனிப்பதில்லை.

அடுத்தது கடன். தொழில் ஹலாலாக இருந்தும் வட்டிக்குக் கடன் வாங்கியுள்ள கம்பெனியின் பங்கை வாங்கலாமா? இதில் உலமாப் பெருமக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1992-இல் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, அத்தகைய பங்கு கூடாது என்பதையே அடிப்படையாகக் கொண்டது. வேறு அறிஞர்களோ, வட்டி கலவாத கம்பெனியைக் காண்பது அரிதாகிவிட்ட நிலையில், வரம்பிட்டு அனுமதித்தார்கள். பஹ்ரைனிலுள்ள ஆயோஃபி அமைப்பின் 21-ஆவது தரநிலை, வட்டிக் கடன் கம்பெனியின் சந்தை மதிப்பில் 30 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. மலேசியாவிலோ 33 சதவிகிதம் என்று வைத்து, அதனை மொத்தச் சொத்தோடு ஒப்பிடுகிறார்கள்.

எதனோடு ஒப்பிடுவது என்பது சிறிய வேறுபாடாகத் தோன்றும். வளர்ச்சிப் பங்கு வாங்குவோருக்கோ அது பெரிய விஷயம். ஒரு கம்பெனிக்கு மொத்தச் சொத்து 100 கோடி ரூபாய், வட்டிக் கடன் 40 கோடி, பங்குகளின் சந்தை மதிப்பு 100 கோடி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு அளவுகோலிலும் அது தேறாது. ஊரெல்லாம் அந்தப் பங்கைப் பற்றியே பேசிச் சந்தை மதிப்பு 200 கோடியாகிவிட்டால், கடன் 20 சதவிகிதமாகி முதல் அளவுகோலில் தேறிவிடும். கடனில் ஒரு ரூபாயும் அடைபட்டிருக்காது! விலை ஏறியதாலேயே ஹலால் பட்டியலில் ஏறிய பங்கு, விலை இறங்கினால் அதே வழியாக வெளியேறும். ஆகவே மொத்தச் சொத்தோடு ஒப்பிடும் கணக்கையும் சேர்த்துப் பார்த்து, இரண்டிலும் தேறுவதை வாங்குவதே நமது அபிப்பிராயம். அறவே விலகி நிற்போரின் பேணுதலைக் குறைவாகப் பேசவும் கூடாது.

இனி வளர்ச்சி. விற்பனை ஏறுகிறதா, லாபம் ஏறுகிறதா, அந்த லாபம் ரொக்கமாகக் கைக்கு வருகிறதா என்று ஐந்தாறு ஆண்டுக் கணக்கைப் பார்க்க வேண்டும். ஏட்டில் லாபமும் பெட்டியில் வெறுமையும் இருந்தால் ஒதுங்கிவிடுவதே மேல். ஏட்டை அப்படியே நம்புவதும் ஆபத்துதான். சத்யம் கம்ப்யூட்டர்ஸ் கம்பெனியின் கணக்கில் காட்டப்பட்ட ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லாத பணம் என்று அதன் தலைவரே 2009 ஜனவரியில் எழுதிக் கொடுத்தார்.

நல்ல கம்பெனியையும் எந்த விலைக்கு வாங்குகிறோம் என்பது உண்டு. இன்ஃபோசிஸ் 1993-இல் பங்கு ஒன்றை 95 ரூபாய்க்கு வெளியிட்டது. கடனின்றி வளர்ந்த கம்பெனி என்றும் பெயர் பெற்றது. 2000-ஆம் ஆண்டு மார்ச்சில் கணினிக் கம்பெனிகளின் மீது மக்களுக்கு மோகம் முற்றியிருந்தபோது அதை உச்ச விலையில் வாங்கியவர்கள், போட்ட முதலைக் காணவே பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டுகளில் கம்பெனியின் லாபம் கூடிக்கொண்டுதான் இருந்தது. (இதை வாங்கு, அதை விடு என்று நாம் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம்.)

தம் கைவசம் இல்லாத பொருளை விற்பதை விட்டும் ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்களைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். இன்று வாங்கும் பங்கு மறு வர்த்தக நாளில்தான் நம் டீமேட் கணக்கில் சேருகிறது. அதற்குமுன் விற்காதிருப்பதே பேணுதல். ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்பவற்றின் பக்கமே போகலாகாது. 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் அவற்றில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவிகிதம் பேர் நஷ்டமடைந்ததாகச் செபி 2024-இல் அறிவித்தது. வட்டிக்கு நகையை அடகு வைத்துப் பங்கு வாங்குவோரும் இருக்கிறார்கள். மனைவியின் நகை மனைவியின் சொத்து. அதில் கணவருக்கு என்ன உரிமை?

கம்பெனியின் வருமானத்தில் வட்டி முதலிய கூடாத வருமானம் 5 சதவிகிதத்துக்கு உட்பட்டிருந்தாலும், நம் பங்குக்குரியதைக் கழித்தாக வேண்டும். அது 3 சதவிகிதமாயின், 1,000 ரூபாய் டிவிடெண்டில் 30 ரூபாயை நன்மையை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். இது ஜகாத்தில் சேராது. விலை ஏறியதும் விற்கும் நிய்யத்தில் வாங்கிய பங்குக்கு, ஜகாத் நாளின் சந்தை மதிப்பில் இரண்டரை சதவிகிதம் கடமையாகும். டிவிடெண்டுக்காக வைத்திருப்பதானால், கட்டிடத்தையும் இயந்திரத்தையும் நீக்கி, கம்பெனியின் ரொக்கம், சரக்கு, வரவேண்டிய பாக்கி ஆகியவற்றில் நம் பங்குக்கு வருவதைக் கணக்கிட வேண்டும் என்பர் உலமாக்களில் பலர். இவ்விவரம் ஆண்டறிக்கையின் ஐந்தொகைப் பக்கத்தில் கிடைக்கும். அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் ஆலிமிடம் சென்றால், அரை மணி நேரத்தில் கணக்கு முடிந்துவிடும்.