பூட்டும் சாட்சியும்

ரொறன்ரோவுக்கு ஒரு காலத்தில் 'நல்ல ரொறன்ரோ' என்றே பெயர். 1886இல் மேயராக வந்த வில்லியம் ஹவ்லண்ட் பொலிஸில் ஒழுக்கப் பிரிவொன்றை ஏற்படுத்தி, கள்ளச் சாராயத்தையும் சூதையும் விபசாரத்தையும் துரத்தினார். ஞாயிறுகளில் தெருவில் டிராம் ஓட 1897 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஈட்டன்ஸ் கடை ஞாயிறுதோறும் கண்ணாடி சன்னல்களைத் திரையால் மூடியது. பார்த்து ஆசைப்படுவதும் கணக்கில் சேரும் அல்லவா. 1912இல், ஹை பார்க்கின் பனி மூடிய சரிவுகளில் பிள்ளைகள் ஞாயிறன்று சறுக்கி விளையாடவும் தடை வந்தது.

இந்தப் பூட்டுகளைக் கேட்டு வாங்கியவர்கள் ஜெபிக்கிறவர்கள். சோதனையில் ஆண்டவர் கைவிடமாட்டார் என்று முழங்காலில் நின்று சொன்னவர்கள், எழுந்ததும் நகரசபைக்கு மனு எழுதினார்கள். எல்லாம் பாசாங்கு என்று தள்ளிவிட முடியாது. சாராயக்கடை பூட்டிக் கிடந்த நாளில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்திருக்கும். ஆனாலும் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று திரும்பியவனை, சோதனையை வென்றவன் என்பதா, வாய்ப்புக் கிடைக்காதவன் என்பதா?

பூட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. 1916இல் மதுவை விலக்கிய ஒன்ராறியோ அரசு, 1927இல் தானே மதுக்கடை திறந்தது. ஞாயிறு ஆசரிப்புச் சட்டத்தை 1985இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. 2022 ஏப்ரலில் இணையச் சூதாட்டத்துக்குத் தனியார் கம்பனிகளையும் அரசு அனுமதித்தது. காவற்காரனே கல்லாவில் வந்து உட்கார்ந்துவிட்டான். இனி விசுவாசம்தான் தனியே நின்று காட்டவேண்டும்.

அது எப்படி நிற்கும் என்பதற்கு இந்நகரிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. குடியை விட்டவர்கள் கூடும் ஏஏ குழுக்கள் பலவும் தேவாலய பேஸ்மென்ற்களில்தான் சந்திக்கின்றன. அவர்களுடைய பன்னிரண்டு படிகளில் கடவுளின் பெயர் வருகிறது. அதை நீக்கி வாசித்த இரண்டு குழுக்களை 2011இல் ரொறன்ரோப் பகுதி ஒருங்கிணைப்பு அமைப்பு பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. விவகாரம் மனித உரிமைத் தீர்ப்பாயம் வரை போய், பிறகு இணக்கமாயிற்று. கடவுளைப் பற்றி அத்தனை பிணக்கு. முதல் படியில் மட்டும் பிணக்கே இல்லை. குடிக்கு முன்னால் எனக்குப் பலம் இல்லை என்று ஒப்புக்கொள்வதே அந்தப் படி. இருபது வருடம் தொடாதவரும் 'நான் குடிநோயாளி' என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்.

மேல்மாடியில், ஆராதனை நடக்கும் இடத்தில், அப்படியில்லை. ஸ்காபரோவில் நம்மவர் சபைகளில் சாட்சி சொல்ல மைக் பிடிப்பவர், 'நான் குடிச்சனான், சூதாடினனான், இயேசப்பா விடுதலை தந்தார்' என்பார். எல்லாம் முடிந்துபோன கதை. சபை அல்லேலூயா சொல்லும். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஏழாம் அதிகாரத்தில் பவுல், நன்மையை விரும்பியும் தீமையையே செய்கிறேன் என்ற பொருளில் நிகழ்காலத்திலேயே புலம்புகிறார். அது அவர் மனந்திரும்புமுன் இருந்த நிலை என்று சமாதானம் சொல்லும் உரைகாரர்களும் உண்டு. அப்போஸ்தலன் இன்னும் தடுமாறினால் நமக்குச் சங்கடம்தானே.

நம் சபை ஒன்றில் ஒருவர் எழுந்து, 'பாஸ்டர், போன கிழமையும் கசினோவுக்குப் போனனான், இந்தக் கிழமையும் போவன் போல கிடக்கு, ஜெபியுங்கோ' என்று மைக்கில் சொன்னால், அடுத்த பாட்டை எடுக்கச் சொல்லி கீபோர்ட் வாசிக்கும் தம்பிக்குக் கண்சாடை போகும்.