யாரைக் கேட்டு வீடு கட்டுவது?

வீடு கட்டப் போகிறோம் என்றதும் நாம் பலரிடம் ஆலோசனை கேட்கிறோம். மேசன் பாஸிடம் சதுர அடிக்கு எவ்வளவு முடியும் என்று கேட்கிறோம். படம் கீறுபவரிடம் பிரதேச சபை அனுமதியைப் பற்றிக் கேட்கிறோம். வெளிநாட்டில் இருக்கும் சகோதரனிடம் காசு கேட்கிறோம். ஆனால் அந்த வீட்டில் அதிக நேரம் இருக்கப் போகிறவரிடம் என்ன கேட்கிறோம்? பெரும்பாலும் டைல்ஸின் நிறத்தை மட்டும்தான்.

கண்டிக்குப் பக்கத்தில் ஒரு மலைச்சரிவில் எனக்குள்ள பன்னிரண்டு பேர்ச் காணியில் வீடொன்று கட்டுவதற்காகச் சில மாதங்களாகப் படம் கீறுவதும் அழிப்பதுமாக இருக்கிறேன். எத்தனை அறை, எத்தனை அடி அகலம் என்ற கணக்காகத்தான் இது தொடங்கியது. போகப் போக நீதியைப் பற்றிய கேள்வியாக மாறிவிட்டது. ஒரு குடும்பத்தில் யாருக்கு எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு காற்று, ஏறி இறங்க எத்தனை படி என்பதை முப்பது நாற்பது வருடங்களுக்கு முன்கூட்டியே தீர்மானித்துவிடும் கடதாசி அது. நாவினால் செய்த அநியாயத்துக்கு மறுநாள் மன்னிப்புக் கேட்கலாம். கொங்கிரீட்டில் செய்த அநியாயத்தை உடைப்பதற்கும் காசு வேண்டும்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒருமுறை அவரவர் வீட்டின் படத்தைக் கீறி, மஃரிபுக்குப் பிறகு வீட்டார் ஒவ்வொருவரும் எங்கே இருப்பார்களோ அங்கே எழுதச் சொன்னேன். வாப்பா ஹோலில் இருந்தார், நானாவும் ஹோலில் இருந்தார். உம்மா அனேகமாக எல்லாப் படங்களிலும் குசினியில் இருந்தார். பல குசினிகளுக்கு யன்னல் கீறப்படவில்லை. மறந்துவிட்டாயா என்று ஒரு பிள்ளையிடம் கேட்டேன். "இல்ல சேர், அங்க யன்னல் இல்லத்தான்" என்றது.

நமது வீடுகளில் குசினி பின்னால் ஒதுங்கிக் கிடப்பதற்குப் பர்தாவைக் காரணமாகச் சொல்வோர் உண்டு. இந்தக் காரணத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஸூரா அந்நூர் பிறர் வீட்டில் நுழையுமுன் அனுமதி கேட்கவும் ஸலாம் சொல்லவும் கட்டளையிடுகிறது. திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிப் போகவும் சொல்கிறது. வீட்டுக்குள் இருக்கும் பிள்ளைகளும்கூட நாளில் மூன்று வேளைகளில் அனுமதி பெற்றே உள்ளே வர வேண்டும் என்று அதே ஸூரா கற்பிக்கிறது. இங்கே கடமை யார் மீது சுமத்தப்பட்டிருக்கிறது? வாசலில் நிற்பவர் மீது. உள்ளே இருப்பவருக்குக் கிடைத்திருப்பது உரிமை. நமது படங்களோ அந்தச் சுமையை வாசலில் நிற்பவரிடமிருந்து எடுத்து, உள்ளே இருக்கும் பெண்ணின் தலையில் வைத்துவிடுகின்றன. அவர் தட்டாமல் வரலாம் என்பதற்காக இவள் இருட்டில் இருக்க வேண்டும். இதை மறைவு என்று சொல்வதைவிட, விருந்தாளியின் ஒழுக்கக் குறைவுக்கு வீட்டுக்காரி கட்டும் வரி என்று சொல்வதே பொருத்தம்.

கேட்டுக் கட்டுவது நடைமுறைக்கு ஒத்துவராது என்பார்கள். நடந்திருக்கிறது, அதுவும் நமது கண்டியிலேயே. 1918இல் கண்டியில் பிறந்த மினட் டி சில்வா இலங்கையின் முதல் பெண் கட்டடக் கலைஞர். 1950களின் பிற்பகுதியில் வட்டபுலுவவில் அரசாங்க ஊழியர்களுக்காகச் சுமார் 250 வீடுகள் கொண்ட திட்டமொன்றை அவர் வடிவமைத்தார். வீடு பெறவிருந்தவர்கள் பல இனத்தவர், பல வருமானத்தவர். அவர்கள் எப்படி வாழ்கிறார்கள், என்ன வேண்டும், கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேள்விப் பத்திரங்கள் கொடுத்தும் நேரில் பேசியும் அறிந்துகொண்ட பின்னரே அவர் வீட்டு வகைகளை வரைந்தார். ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்ததும் இதுதான்: பாடக் குறிப்பு பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதிலிருந்து தொடங்க வேண்டும், ஆசிரியருக்கு என்ன தெரியும் என்பதிலிருந்து அல்ல. இருநூற்றைம்பது குடும்பங்களிடம் கேட்க முடிந்ததென்றால் ஒரு வீட்டில் ஆறு பேரிடம் கேட்க முடியாதா?

கேட்பது இலகு. பதில்கள் ஒன்றோடொன்று மோதும்போதுதான் சிக்கல். உம்மாவுக்கு முழங்கால் நோவு, படி இல்லாத அறை வேண்டும், விறகடுப்பும் வேண்டும். மனைவிக்குப் பாதை தெரியும் யன்னலோடு குசினி வேண்டும், புகை வேண்டாம். தம்பிக்குப் பெரிய ஹோல் வேண்டும். மகளுக்கு மேசை போட ஓர் அறை வேண்டும். "அவ போற புள்ளதானே, சின்ன அறை போதும்" என்றார் ஓர் உறவினர். கிழக்கிலே நமது மக்கள் வீட்டையே பெண்பிள்ளைக்காகக் கட்டுகிறார்கள். கலியாணம் முடித்த மாப்பிள்ளைதான் அங்கே வந்து குடியேறுகிறார். ஆகவே 'போற புள்ள' என்பது மார்க்கமும் அல்ல, இயற்கையும் அல்ல, ஊர் வழக்கம். அவள் போகும் நாள் வரைக்கும் இருக்கிற பிள்ளைதான்.

எல்லாருக்கும் எல்லாம் கொடுக்கப் பன்னிரண்டு பேர்ச் போதாது. அப்படியானால் யாருக்கு முன்னுரிமை? நான் கண்டடைந்த அளவுகோல் இரண்டு: வீட்டில் அதிக நேரம் இருப்பவர் யார்? அசௌகரியம் வந்தால் எழுந்து வெளியே போக முடியாதவர் யார்? இப்படி அளந்து பார்த்தால் உம்மா முதலில் வருகிறார், அடுத்து மனைவி, பிறகு பிள்ளைகள். நானும் தம்பியும் விருந்தாளியும் கடைசியில். உம்மாவின் அறைக்காக ஹோல் நான்கடி சுருங்கியது. விறகடுப்பு பின்புறத்தில் தகரக் கூரையின் கீழ் போகிறது. விருந்தாளியைக் கண்ணியப்படுத்துவது ஈமானோடு சேர்ந்த விடயம் என்று தம்பி சொன்னது சரியே. ஆனால் அந்தக் கண்ணியம் சோறாகவும் கறியாகவும் வருவது குசினியிலிருந்துதான்.

இந்த அளவுகோல் எனக்குச் சாதகமாக மட்டும் தீர்ப்புச் சொல்லவில்லை. பாதைப் பக்கம் மூன்றடி மதில் போதும், போகிறவர் வருகிறவரோடு பேசக்கூடிய ஒரு விறாந்தை வேண்டும் என்பது என் ஆசை. மனைவி ஆறடி மதில் கேட்டார். 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய தொடங்கி அக்குறணை, கட்டுகஸ்தோட்டை வரை நமது வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டதை அவர் மறக்கவில்லை. சகவாழ்வைப் பற்றி அவரிடம் ஒரு சிறு பிரசங்கம் செய்ய எனக்குத் தெரியும். ஆனால் நான் பாடசாலையில் இருக்கும்போது உம்மாவோடும் பிள்ளைகளோடும் அந்த வீட்டில் இருக்கப் போவது அவர். என் கொள்கையின் விலையை அவருடைய பயத்தில் கட்டச் சொல்வது நீதியாகாது. ஆறடிதான். ஆனால் அவரே இன்னொன்றும் சொன்னார்: பக்கத்துச் சிங்கள வீட்டுப் பக்கம் மதில் வேண்டாம், இருக்கிற வேலி இருக்கட்டும்; அந்த வழியாகத்தான் பலாக்காயும் வருகிறது, நோன்புக் கஞ்சியும் போகிறது. சகவாழ்வு பற்றி நான் எழுதிய எந்தக் கட்டுரையிலும் இவ்வளவு நுட்பமான வரைபடம் இல்லை.

இனி, படத்தின் எல்லைக்கோட்டுக்கு வெளியே இருப்பவர்கள். மலைநாட்டில் காணியை மட்டமாக்குவதென்றால் பெக்கோ வைத்துச் சரிவை வெட்டுவது. வெட்டிய மண் எங்கே போகிறது, கூரைத் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குகிறது என்பதைக் கீழ் வீட்டுக்காரர் மழை நாளில்தான் அறிந்துகொள்வார். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் கண்டி மாவட்டம் மண்சரிவுகளால் பட்ட துயரம் நமக்குத் தெரியும். இத்தகைய மாவட்டங்களில் கட்டட அனுமதிக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை கேட்கப்படுகிறது. அதை அலைச்சல் என்று நினைத்து, யாரையாவது பிடித்துச் சுருக்கமாக முடிக்கப் பார்ப்போர் நம்மில் இல்லாமல் இல்லை. அந்தக் கடிதம் நமது வீட்டுக்கு மட்டுமான பாதுகாப்பல்ல. கீழே தூங்குபவரின் அமானிதம். தீங்கிழைக்கவும் கூடாது, தீங்குக்குத் தீங்கும் கூடாது என்ற ஃபிக்ஹு விதியை மத்ரஸாவில் ஓதியவர்கள், அதைச் சரிவான காணியில் வைத்தும் ஒருமுறை ஓதிப் பார்க்க வேண்டும்.

ஆகவே வீடு கட்ட நினைக்கும் நண்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். படத்தைப் பிரதேச சபைக்குக் கொடுக்குமுன் குசினியில் ஒரு முறை விரித்து வையுங்கள், உம்மாவின் கட்டிலில் ஒரு முறை விரித்து வையுங்கள். கீழ் வீட்டுக்காரரின் விறாந்தையிலும் ஒரு முறை விரித்து, தண்ணீர் இறங்கும் பக்கத்தை விரலால் காட்டிக் கேளுங்கள். அவர்கள் போடுவது கையெழுத்தல்ல. சட்டம் அதைக் கேட்கப் போவதுமில்லை. ஆனால் அந்த ஒப்புதல் இல்லாத வீட்டில் நாம் குடியிருக்கலாமே தவிர நிம்மதியாக இருக்க முடியுமா?