எது நடந்தால் விலகுவாய்?

இடம்: பேராதனைப் பல்கலைக்கழகத்துக் குறிஞ்சிக் குமரன் கோயில் படிக்கட்டு. ஆசான், கண்டியில் உயர்தர மாணவருக்கு அளவையியல் கற்பித்து ஓய்வுபெற்றவர். மாணவி, கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பஸ் ஏறி வந்து அவரிடம் படித்தவள். இந்த வருடம்தான் வாக்காளர் இடாப்பில் அவள் பெயர் ஏறியிருக்கிறது.

மாணவி: சேர், எந்தக் கட்சிக்குப் போடுவது என்று மட்டும் சொல்லிவிடுங்கள். மற்றதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆசான்: எந்தத் தேர்தலுக்கு?

மாணவி: எது முதலில் வருகிறதோ அதற்கு. மாகாண சபைக்கு வரும் என்கிறார்கள்.

ஆசான்: மத்திய மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 செப்டெம்பரில். அப்போது உனக்கு என்ன வயது?

மாணவி: ஐந்தோ ஆறோ.

ஆசான்: அப்படியென்றால் யோசிக்க நிறைய அவகாசம் தந்திருக்கிறார்கள். வீட்டில் என்ன சொல்கிறார்கள்?

மாணவி: ஆளுக்கொன்று. அப்பா தொழிற்சங்கத்துக்காரர். தாத்தா காலத்திலிருந்து சம்பளத்தில் சந்தா பிடிக்கிறார்கள். சங்கம் காட்டுகிற சின்னத்துக்குத்தான் வீடே போடும். மாமா, “ஆளுங்கட்சிக்குப் போடு, கூரைக்குத் தகரமாவது வரும்” என்கிறார். டவுனில் என்னோடு படித்தவர்களுக்குப் பழைய ஆட்கள் யாருமே ஆகாது. அம்மா மட்டும், யார் வென்றாலும் மறுநாள் காலையில் பெரட்டுக்குப் போகத்தானே வேண்டும் என்கிறார்.

ஆசான்: அம்மா சொன்னதை வைத்துக்கொள், பிறகு வருவோம். அப்பாவின் வாதத்தில் மறைந்திருக்கும் எடுகூற்று எது?

மாணவி: முன்பு நமக்குச் செய்தவர்களுக்கு நாம் கடமைப்பட்டவர்கள். அது தவறா, சேர்?

ஆசான்: தவறென்று சொல்ல எனக்கு வாய் வராது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. நாவலப்பிட்டியில் வென்ற ராஜலிங்கம் போல, இந்த மாவட்டத்திலும் தோட்டத்து வாக்கால் வென்றவர் இருந்தார். அடுத்த வருடமே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் இடாப்பிலிருந்து பெயர்களை வெட்ட வழி செய்தார்கள். 1952 தேர்தலில் காங்கிரஸுக்கு ஓர் ஆசனமும் இல்லை, போடுவதற்கு ஆட்களே இடாப்பில் இல்லாததால். பறிபோனது துண்டு துண்டாகத்தான் திரும்பி வந்தது. 1988இலும் ஒரு சட்டம், 2003இலும் ஒரு சட்டம். உன் தாத்தா எந்த வயதில் முதல் வாக்குப் போட்டார்?

மாணவி: நாற்பதை நெருங்கும்போது என்று அப்பா சொல்வார். அன்று புது வேட்டி கட்டிக்கொண்டு போனாராம்.

ஆசான்: அவருடைய நன்றியை நான் எடைபோட மாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனி. நன்றி, நடந்து முடிந்ததற்குச் சொல்வது. வாக்கு, இனி நடக்க வேண்டியதற்குப் போடுவது. முன்னதற்குரியதைப் பின்னதில் செலுத்தினால், வாங்கிக்கொள்கிறவருக்கு இனி எதுவும் செய்யத் தேவையில்லை.

மாணவி: மாமா சொல்வது அப்படியில்லையே. அவர் வரப்போவதைத்தான் பார்க்கிறார்.

ஆசான்: மாமா கெட்டிக்காரர். தகரம் யாருடைய காசில் வருகிறது?

மாணவி: அரசாங்கத்தின் காசு. நம் காசும் அதில் இருக்கிறது. அப்பா வாங்கும் சவர்க்காரத்திலும் வரி இருக்கிறதே.

ஆசான்: போடாதவர் வீட்டுக்கு அதைக் கொடுக்காமல் விட்டால்?

மாணவி: அநியாயம். ஆனால் நடக்கிறது. யார் எதற்குப் போட்டார் என்று வெளியே தெரியாது என நீங்கள் சொல்வீர்கள். தோட்டத்துத் தலைவருக்குத் தெரியும் என்று எல்லாரும் நம்புகிறார்கள், சேர். மறைப்புக்குப் பின்னால் நின்று புள்ளடி போடும்போதும் அந்தப் பயம் கூடவே நிற்கும். தெரியாதென்று சட்டம் சொன்னால் போதுமா?

ஆசான்: போதாது. இரகசிய வாக்கெடுப்பு சட்டத்தில் இருக்கிறது. அதை நம்பும் துணிவு சட்டத்திலிருந்து வராது. அது உன்னைப் போல இரண்டு பேர் மாற்றிப் போட்டு, ஒன்றும் நடக்கவில்லை என்று கண்டபிறகு வரும். உங்கள் தோட்டத்தில் முதலில் யார் அதைச் செய்து பார்ப்பது என்பது எனக்குப் பதில் தெரிந்த கேள்வியல்ல.

மாணவி: இன்னொன்றும் இருக்கிறது, நான் சொல்லவில்லை. நம் ஆளுக்குப் போட வேண்டாமா? கண்டியில் நாம் எவ்வளவு பேர்?

ஆசான்: 2012 குடிசன மதிப்பீட்டின்படி, மலையகத் தமிழரையும் இலங்கைத் தமிழரையும் கூட்டினால் நூற்றுக்குப் பதினொன்று அளவில். மாவட்டத்துக்குப் பாராளுமன்றத்தில் 12 ஆசனங்கள். அதில் ஒன்று முதலாவதாக வரும் கட்சிக்குப் போனஸ். மீதி 11 விகிதப்படி. கணக்கு என்ன சொல்கிறது?

மாணவி: எல்லாரும் ஒன்றாக நின்றால் ஓர் ஆசனம் நிச்சயம். பிரிந்தால் ஒன்றுமில்லை.

ஆசான்: 2015இலும் 2020இலும் ஒரு தமிழர் வந்தார். இரண்டு முறையும் பெரிய கூட்டணியின் பட்டியலில் நின்று, விருப்பு வாக்கால் மேலே ஏறி வந்தவர். நுவரெலியாவில் நடப்பது இங்கே நடக்காது. அங்கே எண்ணிக்கையே பேசும். இங்கே தெல்தோட்டையில் கொஞ்சம், புசல்லாவையில் கொஞ்சம், பன்விலையில் கொஞ்சம், மஹியாவையில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கிறோம். அதனால் கண்டித் தமிழருக்குக் கட்சியைத் தேர்வதும் ஆளைத் தேர்வதும் ஒரே சீட்டில் இரண்டு வேலை. கட்சி பிடிக்காமல் ஆள் பிடித்தால் மாட்டிக்கொண்டாய். விருப்பு வாக்கு அந்தக் கட்சியின் பட்டியலுக்குள் மட்டும்தான்.

மாணவி: அப்படியானால் ஆள்தான் முக்கியம். நம் மொழியில் அங்கே பேச ஒருவர் வேண்டும்.

ஆசான்: வேண்டும். கடிதம் தமிழில் எழுதிக் கொடுக்க, ஆஸ்பத்திரிக்குப் போன் போட, பாடசாலைக்கு ஆசிரியர் கேட்க. இதைச் சின்ன விஷயம் என்பவர்கள் லயத்தில் வாழ்ந்தவர்கள் அல்ல. ஆனால் இங்கே ஒரு வரலாறு குறுக்கே நிற்கிறது. 1948இல் குடியுரிமைச் சட்டம் விவாதத்துக்கு வந்தபோது எதிர்த்துப் பேசியவர்களில் யார் யார் இருந்தார்கள்?

மாணவி: தொண்டமான், மற்றத் தமிழ் உறுப்பினர்கள்.

ஆசான்: என்.எம். பெரேராவும் பீற்றர் கெனமனும் இருந்தார்கள். சிங்களவர் தலைமையிலான இடதுசாரிக் கட்சிகள் எதிர்த்தன. அடுத்து இந்தியர், பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டமூலம் வந்தபோது, அமைச்சராகிவிட்டிருந்த ஜி.ஜி. பொன்னம்பலம் ஆதரித்தார். செல்வநாயகம் எதிர்த்தார். அடுத்த வருடமே தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். மொழியை மட்டும் வைத்து உன் பக்கம் நிற்பவரைக் கண்டுபிடித்திருக்க முடியுமா?

மாணவி: முடியாது. அப்படியானால் கொள்கைதான். அன்று நமக்காக நின்ற இடதுசாரிகளுக்கே போட வேண்டும்.

ஆசான்: அவசரப்படாதே. என்.எம். பெரேராவின் அதே சமசமாஜக் கட்சி 1964 ஜூனில் சிறிமாவோ அரசாங்கத்தில் சேர்ந்தது. என்.எம். நிதியமைச்சர். அந்த ஒக்டோபரில் அதே அரசாங்கம் இந்தியப் பிரதமர் சாஸ்திரியோடு ஒப்பந்தம் செய்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இங்கே உரிமை, மீதியைப் பிறகு பார்ப்போம். புறப்பட்டவர்களைக் கேட்டு எழுதியதல்ல.

மாணவி: மொழியும் கைவிடுகிறது, கொள்கையும் கைவிடுகிறது. அம்மா சொன்னதுதான் சரி போலிருக்கிறது.

ஆசான்: அம்மாவின் முடிவுக்கு வர இன்னும் ஓர் எடுகூற்று வேண்டும். என்ன அது?

மாணவி: (சற்று யோசித்து) நிலையான கட்சி கிடைக்காவிட்டால், வாக்கால் பயனில்லை.

ஆசான்: அது மெய்யா? உயர்தரத்தில் பொப்பரைப் படித்தாயே.

மாணவி: பொய்ப்பித்தல். ஒரு கோட்பாடு விஞ்ஞானமாக வேண்டுமென்றால், எது நடந்தால் அது பொய்யாகும் என்று முன்கூட்டியே சொல்லத் தெரிய வேண்டும். எது நடந்தாலும் பொருந்துகிற கோட்பாடு எதையும் சொல்லவில்லை.

ஆசான்: அதே பொப்பர் 1945இல் அரசியலைப் பற்றிப் பெரிய புத்தகம் ஒன்று வெளியிட்டார். யார் ஆள வேண்டும் என்று பிளேட்டோவிலிருந்து எல்லாரும் கேட்டுவந்த கேள்வியே பிழை என்றார். மோசமானவர்களை இரத்தம் சிந்தாமல் எப்படி இறக்குவது என்பதுதான் அவர் கேள்வி. பாடத்திட்டத்தில் அந்தப் பக்கம் இல்லை, பரீட்சைக்கு வராது. இரண்டையும் சேர்த்துப் பார்.

மாணவி: எந்தக் கட்சி என்று கேட்பதற்கு முன்னால், அது என்ன செய்தால் அடுத்த முறை போட மாட்டேன் என்று சொல்லத் தெரிய வேண்டும்?

ஆசான்: சொல்லத் தெரியாவிட்டால் நீ தேர்ந்தெடுக்கவில்லை. பிறந்த வீட்டிலிருந்து எடுத்து வந்திருக்கிறாய், அல்லது கூட்டத்தோடு போகிறாய். அப்பாவின் விசுவாசமும் உன் சிநேகிதர்களின் கோபமும் இந்த இடத்தில் ஒன்றுதான். இரண்டுக்கும் எல்லை குறிக்கப்படவில்லை.

மாணவி: ஒரு மறுப்பு, சேர். ஒவ்வொரு முறையும் மாற்றிக்கொண்டே போனால் எந்தக் கட்சியும் நம்மை நம்பாது. ஐந்து வருடத்தில் முடியாத வேலைகள் இருக்கின்றன. விலகப் போகிறவர்களுக்காக யார் பாடுபடுவார்?

ஆசான்: நல்ல மறுப்பு. விலகு என்று நான் சொல்லவில்லை. விலகக்கூடியவளாக இரு என்கிறேன். எல்லையைத் தாண்டாதவரோடு முப்பது வருடம் இருக்கலாமே. எப்படியும் போடுவார்கள் என்று தெரிந்த வாக்கைத் தேடி யாரும் மலையேறி வர மாட்டார்கள். எப்படியும் போட மாட்டார்கள் என்று தெரிந்தாலும் அதே கதி.

மாணவி: உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி வகுப்பில் சொன்னீர்கள். கணக்குக் காட்டாமல் போனவரும் அவர் சொந்தக்காரரும் மறுபடி வாரியத்துக்கு நிற்க முடியாதென்று.

ஆசான்: சோழன் பராந்தகன் காலம், ஆயிரத்து நூறு வருடம் ஆகிறது. எல்லையை முன்கூட்டியே கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள்.

மாணவி: ஆனால் ஆட்களைத் தேர்ந்தெடுத்த அந்தக் குடத்தில் பெயர் ஓலை போட நிலம் இருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். நம் ஆட்களின் பெயர் அதற்குள் போயிருக்காது.

ஆசான்: போயிருக்காது. மேடையில் அதைப் புகழ்கிறவர்கள் அந்த வரியை விட்டுவிடுவார்கள். சரி, உன் எல்லையைச் சொல்.

மாணவி: எங்களுடையது அரசாங்கத் தோட்டம். கொம்பனித் தோட்டத்தில் துரை வேறு, அரசாங்கம் வேறு. எங்களுக்கு இரண்டும் ஒன்று. நான் போடும் வாக்கால் வருகிறவர்தான் அப்பாவின் முதலாளி. அம்மாச்சி ஓய்வுபெற்று வருடக்கணக்காகிறது, சேவைக்காலப் பணம் முழுதாகக் கைக்கு வரவில்லை. முழுப் பதவிக்காலமும் ஆண்டுவிட்டு, இப்படி நிலுவையில் நிற்கிறவர்களுக்குக் கொடுத்து முடிக்காத கட்சிக்கு இரண்டாம் முறை போட மாட்டேன்.

ஆசான்: தெளிவாக இருக்கிறது. நடந்ததா இல்லையா என்று யாரும் வந்து பார்க்கலாம். “மலையகத்தை முன்னேற்றாவிட்டால்” என்று நீ சொல்லியிருந்தால் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். ஆனால் இது உன் வீட்டுக்கான எல்லை. இன்னொருவருக்காகவும் ஒன்று வை.

மாணவி: யாருக்காக?

ஆசான்: 2018 மார்ச்சில் திகனையில் முஸ்லிம்களின் கடைகள் எரிந்தபோது உனக்குப் பத்து வயதிருக்கும்.

மாணவி: ஊரடங்கு நினைவிருக்கிறது. பேஸ்புக்கையும் மறித்தார்கள். டவுனில் கடை வைத்திருந்த என் சிநேகிதியின் வாப்பா ஒரு வாரம் கடை திறக்கவில்லை.

ஆசான்: அந்த வாரத்தில் ஒவ்வொரு கட்சியும் என்ன சொன்னது, எது வாய் திறக்கவில்லை என்று பழைய பத்திரிகைகளில் தேடிப் பார். டி.எஸ். சேனாநாயக்க நூலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். வாக்குறுதி எல்லாருக்கும் சுலபம். தன் வாக்காளர்களில் பாதிப் பேருக்குக் கசக்கும் வார்த்தையை அன்றைக்கே சொன்னதா என்பதுதான் சோதனை. உன்னைத் தொடாத அநியாயத்தில் ஒரு கட்சி எப்படி நடந்ததோ, உன்னைத் தொடும் நாளிலும் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். 

மாணவி: எந்தக் கட்சியும் இரண்டு எல்லையிலும் தேறாவிட்டால்?

ஆசான்: குறைவாக மீறியதற்குப் போடு, ஏன் என்று எழுதி வைத்துக்கொள். வீட்டிலேயே இருந்துவிடுவது கைக்கு வந்ததை நாமே கீழே வைத்துவிடுவது. உன் தாத்தாவின் இடாப்புக் கதை தெரிந்த பிறகு அதை உன்னிடம் சொல்ல என்னால் முடியாது.

மாணவி: அப்பாவிடம் இந்தக் கேள்வியைக் கேட்கப் போகிறேன். “சங்கம் என்ன செய்தால் விலகுவீர்கள்?” “எது செய்தாலும் விலக மாட்டேன்” என்று சொன்னால்?

ஆசான்: சண்டை பிடிக்காதே. அவர் சந்தா கட்டுவது பாராளுமன்றத்துக்காக இல்லை. பெரட்டுக்களத்தில் துரை கை நீட்டிப் பேசும்போது பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும் என்பதற்காக. அந்தத் தேவை இன்னும் தீரவில்லை. சங்கத்தில் இருப்பதையும் சங்கம் காட்டும் சின்னத்துக்குப் போடுவதையும் தனித்தனிக் கேள்விகளாகக் கேள். முதலாவதற்கு அவர் பதில் சரியாகவே இருக்கும்.

மாணவி: விருப்பு வாக்கு மூன்றும் கட்டாயம் போட வேண்டுமா, சேர்?

ஆசான்: இல்லை. பாராளுமன்றத் தேர்தலென்றால் முதலில் கட்சிக்குப் புள்ளடி, பிறகு ஒன்றோ இரண்டோ மூன்றோ உன் விருப்பம். நான்காவது போட்டால் விருப்பு வாக்குகள் கழிந்துபோகும், கட்சியின் வாக்கு நிற்கும். இரண்டு கட்சிக்குப் போட்டால் சீட்டே செல்லாது. மாகாண சபைக்கு எந்த முறை என்று என்னைக் கேட்காதே. 2017இல் முறையை மாற்றப்போய்த்தான் அந்தத் தேர்தலே இப்படிக் கிடப்பில் போனது. எழும்பு, கலஹா பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்ததில் நிற்கத்தான் இடம் கிடைக்கும்.