ஓசி வாத்தியாருக்கு ஃபீஸ் யார் கட்டுவது?

அபிராமபுரத்தில் ஒரு பையன் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பி.காம். முடித்தவன். ராத்திரி பத்து மணிக்கு மேல், தெருவில் ஆட்டோ சத்தம் அடங்கியதும், ப்ளஸ் டூ அக்கவுண்டன்சியைத் தமிழில் நடத்தி வீடியோவாக இணையத்தில் போடுகிறான். கட்டணம் இல்லை, விளம்பரமும் இல்லை. இருப்புநிலைக் குறிப்பு டேலியாகாமல் அழும் பிள்ளைகள் எங்கெங்கிருந்தோ பார்க்கிறார்கள், பாஸ் பண்ணுகிறார்கள். திடீரென்று அவனுக்கு மேற்படிப்புக்கு இடம் கிடைக்கிறது. கையில் காசில்லை. தன் தளத்திலேயே எழுதுகிறான்: 'என் படிப்புக்குப் பணம் தேவை. முடிந்தவர்கள் உதவுங்கள்.'

உங்களுக்கு முதலில் என்ன தோன்றும்? மனசைத் தொட்டுச் சொல்லுங்கள். 'அதானே பார்த்தேன், இந்தக் காலத்தில் எவன் சும்மா செய்வான்?' இல்லையா?

வேடிக்கையைப் பாருங்கள். வருஷ ஆரம்பத்திலேயே மொத்த ஃபீஸையும் வாங்கிக்கொள்ளும் டியூஷன் சென்டர் மேல் நமக்கு எந்தச் சந்தேகமும் வருவதில்லை. வரிசையில் நின்று கட்டுகிறோம். பல வருஷம் ஓசியில் கொடுத்தவன் ஒரே ஒரு தடவை கேட்டால்தான் புருவம் உயர்கிறது. விற்பவனுக்கு லாபம் நியாயம், கொடுப்பவனுக்குப் பசி கூடாது. இதுதான் நம் கணக்கு!

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். வந்த மாணவர்களுக்கெல்லாம் காசு வாங்காமல் பாடம் சொன்னார். பலருக்குச் சாப்பாட்டுக்கும் வழி செய்தார். ஆனால் கடன் தொல்லை அவரைக் கடைசிவரை விடவில்லை. 1876-ல் மறைந்தார். திருவாவடுதுறை ஆதீனம் அவரைத் தாங்கியிருக்காவிட்டால் அந்தப் பாடமெல்லாம் எத்தனை நாள் நடந்திருக்கும்? உ.வே.சாமிநாதையர் என்ற மாணவர் நமக்குக் கிடைத்ததில் அந்த மடத்துச் சோற்றுக்கும் பங்கு உண்டு.

நம் காலத்துக்கு வருவோம். அமெரிக்காவில் சல்மான் கான் (நடிகர் இல்லை, இவர் கணக்கு வாத்தியார்) சொந்தக்காரப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து, பிறகு உலகத்துக்கே இலவசமாகக் கணக்கு நடத்தினார். 2009-ல் நிதி நிறுவன வேலையை விட்டார். சேமிப்பைக் கரைத்துக் குடும்பம் நடத்தினார். ஆன் டோர் என்ற பெண்மணி பத்தாயிரம் டாலர் நன்கொடை அனுப்பினார். அதோடு நிறுத்தாமல், 'சரி, உங்கள் வீட்டுச் செலவுக்கு என்ன செய்கிறீர்கள்?' என்று விசாரித்தார். பதில் தெரிந்ததும் ஒரு லட்சம் டாலர் கொடுத்தார். கூகுளும் கேட்ஸ் அறக்கட்டளையும் வந்ததெல்லாம் அதற்கப்புறம்.

ஆனால் கான் வேலையை விடும்போது எம்.ஐ.டி., ஹார்வர்டு பட்டங்கள் கையில் இருந்தன. கரைக்கச் சேமிப்பும் இருந்தது. நம் பையனுக்கு இரண்டும் இல்லை. கொடுப்பதற்கும் ஒரு முதல் வேண்டும் சார்!

அடையாறு பாலத்தைத் தாண்டினால் ஐ.ஐ.டி. அங்கிருந்து நடக்கும் என்.பி.டி.இ.எல். திட்டம், ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் ஐ.ஐ.எஸ்ஸி.யும் சேர்ந்து 2003-ல் ஆரம்பித்தது. பாடம் யாரும் பார்க்கலாம், இலவசம். பரீட்சை எழுதிச் சான்றிதழ் வேண்டுமென்றால்தான் கட்டணம். அழகான ஏற்பாடு. ஆனால் அங்கே பாடம் நடத்தும் பேராசிரியருக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது, நம் வரிப்பணத்திலிருந்து. இலவசம் என்று உலகத்தில் ஒன்றும் இல்லை. யாரோ கட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். பையனின் தளத்துக்கு இதுவரை கட்டியது யார்? அவனுடைய தூக்கம்.

கல்விக் கடன் வாங்கலாமே என்பீர்கள். வாங்கட்டும். ஆனால் அவன் பாஸ் பண்ண வைத்த பிள்ளைகளை எழுத வங்கி விண்ணப்பத்தில் கட்டம் கிடையாது. 'வருமானம்' என்ற கட்டத்தில் அந்தத் தளத்துக்கு மதிப்பு பூஜ்யம்.

நியாயமான ஆட்சேபம் ஒன்று உண்டு. தளம் நடத்தப் பணம் கேட்டால் சரி, அது பொதுக் காரியம். பட்டம் அவனுக்குத்தானே? அந்தச் சம்பளம் அவன் வீட்டுக்குத்தானே போகும்?

இதற்கு அவன் நடத்தும் அக்கவுண்டன்சியிலேயே பதில் இருக்கிறது. முதல் பாடம்: வியாபாரம் வேறு, முதலாளி வேறு. கல்லாவிலிருந்து வீட்டுக்கு அரிசி வாங்கினாலும் 'எடுப்பு' என்று எழுதியாக வேண்டும். தளத்துக்கு என்று உண்டியல் வைத்துக் காலேஜ் ஃபீஸ் கட்டினால் அது மோசடி. நூறு ரூபாயானாலும் மோசடிதான். 'என் படிப்புக்கு' என்று போர்டு மாட்டிக் கேட்டால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டு உண்டியல், இரண்டு கணக்கு, இரண்டையும் எல்லோரும் பார்க்கலாம். கொடுக்காத பிள்ளைக்கும் பாடம் திறந்தே இருக்க வேண்டும். அவன் பக்கத்து தர்மம் அவ்வளவுதான்.

நம் பக்கமும் ஒன்று உண்டு. நூறு ரூபாய் போட்டுவிட்டு, 'இனி வாரத்துக்கு மூணு வீடியோ போடணும்' என்று அதிகாரம் பண்ணக் கூடாது. படித்து முடித்து அவன் தளத்தையே மூடினாலும் கேட்க உரிமையில்லை. ஏனென்றால் நாம் கொடுத்தது விலை அல்ல, தட்சணை. விலை பொருளை வாங்குமுன் பேசுவது. தட்சணை பாடம் கேட்டபின், அவரவர் சக்திக்கு ஏற்றபடி வைப்பது. வெற்றிலை மேல் ஒரு ரூபாய் வைத்தாலும் தட்சணைதான். வைக்க முடியாதவன் கும்பிட்டுவிட்டுப் போகலாம். வைக்க முடிந்தும் கும்பிட்டுவிட்டு மட்டும் போகிறவனைப் பற்றித்தான் இத்தனை பேச்சும்.

சமையலோ, ஜி.எஸ்.டி. ரிட்டர்னோ, பிள்ளையின் ட்ரிக்னாமெட்ரியோ, நீங்களும் இணையத்தில் யாரிடமாவது ஓசியில் கற்றிருப்பீர்கள். அவருக்குக் கரன்ட் பில் யார் கட்டுகிறார்கள் என்று என்றைக்காவது யோசித்ததுண்டா? இன்றைக்கு ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.